கரிக்குருவிக்கு எஞ்சின் வைத்தது யார்?

என் அண்ணிக்குப் படகுத்துறைப் பட்டறையில் 'மறுமுடுக்கு' என்று பெயர். யார் முடுக்கிய நட்டாக இருந்தாலும் தன் கையால் இன்னொரு முறை முடுக்கிப் பார்க்காமல் எஞ்சினை ஓட்ட விடமாட்டாள். முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "முடுக்காம விட்டவன்னு பேர் வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்பாள்.

அந்தப் புத்தி அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகு ஒன்றில் எஞ்சினையும் சுழல்தண்டையும் பூட்டுகிற இடத்தை அவள் சரிபார்க்கப் போனபோது, மூத்த மெக்கானிக் ஒருவர் "நான் பார்த்துட்டேன், நீ போம்மா" என்று அனுப்பிவிட்டார். நடு ஆற்றில் அந்த இடம் கழன்றுபோனது. எஞ்சின் பாட்டுக்கு உறுமியது, படகு ஓர் அடிகூட முன்னே நகரவில்லை. எழுபது பேரோடு நாற்பது நிமிடம் நீரோட்டத்தோடு போய் ஒரு மணல்திட்டில் தட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் 'பார்த்துட்டேன்' என்கிற வார்த்தையை அன்றிலிருந்து அண்ணி யாரிடமிருந்தும் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். நான் பூட்டிய கதவை அவள் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அண்ணன் மூடிய குழாயை இன்னும் அரைச் சுற்றுத் திருகுவாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். காய்ச்சலுக்கு நானே கொண்டுவந்து கொடுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பித் தேதி பார்த்த பிறகுதான் விழுங்குவாள். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

அண்ணன் நேர் எதிர். எதையும் நம்புவான். குழந்தைகள் வாரப் பத்திரிகை ஒன்றில் எட்டு வருடமாக ஒரு படக்கதை வரைந்துகொண்டிருந்தான். 'நீலவால்' என்று ஒரு விண்கப்பல், அதில் ஐந்து பேர், வாரம் ஒரு கிரகம். பிள்ளைகள் அதற்காகவே பத்திரிகை வாங்கினார்கள். படம் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கப்பல்களின் எஞ்சின்கள், அண்ணியின் பாஷையில், 'கண்ணை மூடிக்கொண்டு எறிந்த செருப்பு விழுந்த இடத்தில்' இருக்கும். ஒன்றில் வயிற்றுக்கு அடியில் மீசை மாதிரி. இன்னொன்றில் இறக்கை நுனியில், அதுவும் வலது பக்கம் மட்டும். மற்றொன்றில் சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில்.

படக்கதை தொடங்கிய புதிதில் அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

"ஏங்க, இந்த எஞ்சின எரியவிட்டா கப்பல் குட்டிக்கரணம் போடும்."

"விண்வெளில மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது. எப்படிக் குட்டிக்கரணம் போடும்?"

"மேல கீழ இல்லன்னா என்ன, கனம் இருக்குல்ல? தள்ளுற கோடு கனத்தோட நடுவுல போகணும். ஓரமாத் தள்ளினா சுத்தத்தான் செய்யும். அந்தப் பீரோவ ஒரு ஓரத்தப் பிடிச்சுத் தள்ளிப் பாருங்க."

அண்ணன் பீரோவைத் தள்ளிப் பார்க்கவில்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். வாரா வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு குறை வரும். இவ்வளவு பெரிய எஞ்சினின் சூடு எங்கே போகும், சுற்றிலும் தண்ணீரும் இல்லை காற்றும் இல்லையே? பழுதானால் எஞ்சினை வெளியே எடுப்பது எப்படி, கதவு இத்தனை சின்னதாக இருக்கிறதே? கடைசிக் கேள்வி பட்டறையில் அவளே பட்ட பாடு. யாரோ ஒரு புத்திசாலி எஞ்சினை உள்ளே வைத்துவிட்டு மேலே தளம் போட்டுவிட்டான். அதை வெளியே எடுக்கத் தளத்தையே அறுக்கவேண்டி வந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அனுப்பத் தயாராக இருந்த பக்கத்தில் அவள் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டாள். எஞ்சினிலிருந்து கப்பலின் நடு வரை, நேராக. தள்ளுகிற கோடு எங்கே போகவேண்டும் என்று காட்டத்தான். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த பக்கம் அது. அண்ணன் கத்தியதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"உன் பட்டறைய வீட்டுக்குக் கொண்டுவராத! இது கதை. கதைல எஞ்சின் எங்க வேணா இருக்கும்!"

அண்ணி பேனாவை மூடி வைத்தாள். "சரி. இனிமே உங்க கப்பலப் பத்தி என் வாய்ல ஒரு வார்த்தை வராது" என்றாள். சொன்னபடி ஆறு வருடமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் புரட்டுவாள், உதட்டைக் கடிப்பாள், மடித்து வைத்துவிட்டு எழுந்து போவாள்.

அப்புறம்தான் கரிக்குருவி வந்தது.

நீலவாலுக்குப் போட்டியாக அண்ணன் கதைக்குள் கொண்டுவந்த புதுக் கப்பலின் பெயர் அது. அந்த வெள்ளிக்கிழமை காலை அண்ணி டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். டீ வாய் வரை போகவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாளைச் சன்னல் பக்கம் கொண்டுபோனாள். அண்ணன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான்.

"இங்க வா" என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டாள். "இதப் பாரு."

எனக்கு எல்லாக் கப்பலும் ஒன்றுதான். அவள் விரல் வைத்து வைத்துக் காட்டினாள். எஞ்சின் வாலின் கடைசியில், கப்பலின் நடுக்கோட்டில். ஆட்கள் இருக்கிற அறை மறுகோடியில். நடுவில் நீளமான சட்டம், அதன் இரு பக்கமும் எரிபொருள் தொட்டிகள். சூட்டை உதறுவதற்கு வரிசையாகத் தகடுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினுக்கு மேலே எஞ்சினைவிட ஒரு சாண் பெரிய கதவு. கதவுக்கு நேர் மேலே சட்டத்தில் ஓர் இரும்பு வளையம்.

"இந்த வளையம் எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியலையே அண்ணி."

"சங்கிலி மாட்டி எஞ்சினத் தூக்கறதுக்கு. கை தோல் உரிஞ்சவங்களுக்குத்தான் இது தெரியும். புஸ்தகத்துல இருக்காது." தாளை மடித்தாள். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அன்று இரவுச் சாப்பாட்டில், ஆறு வருட வாக்கை உடைக்காமலேயே, ஒரு கேள்வியை எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மேல ஒரு வளையம் போட்டிருக்கீங்களே, அது என்னங்க?"

அண்ணன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தான். "அதா? சும்மா. ஒரு அழகுக்கு."

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். நான் காதைப் பார்த்தேன். அண்ணியும் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணி பழைய இதழ்களை எடுத்து அடுக்கினாள். சின்னச் சின்ன மாற்றங்கள் நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தன. வலது இறக்கையில் மட்டும் இருந்த எஞ்சினுக்கு இடது பக்கம் ஒரு ஜோடி வந்திருந்தது. சமையலறைச் சுவர் எஞ்சின் ஒரே வாரத்தில் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. அதே நான்கு மாதமாகத்தான் அண்ணன் புதன்கிழமை மதியம் "பத்திரிகை ஆபீசுக்கு" என்று வெளியே போய்வந்தான்.

"படம் செவ்வாய்க்கிழமையே ஆபீசுக்குப் போயிடுது. புதன்கிழமை அங்க என்ன வேலை?" என்றாள் அண்ணி.

"ஏதாவது மீட்டிங்கா இருக்கும் அண்ணி."

"நீ யார் பக்கம்?"

"நான் யார் பக்கமும் இல்ல."

"அப்படிச் சொல்றவங்கதான் ஒரு பக்கம் இருப்பாங்க" என்று என்னையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அவன் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் அவள் அதை எடுத்துக்கொண்டு துவைக்கும் அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். கைமடிப்பில் ஒரு கறுப்புக் கறை. அவள் அதை மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"மையில்ல. டீசலும் இல்ல, எங்க பட்டறை எண்ணெயும் இல்ல. கந்தக நாத்தம் அடிக்குது பாரு. இது கியர் எண்ணெய். லாரி கியர்பாக்ஸ் எண்ணெய்."

புருஷன் சட்டையில் செண்டு வாசம் பிடித்த பெண்களைக் கதையில் படித்திருக்கிறேன். கியர் எண்ணெய் வாசம் பிடித்தவள் உலகத்திலேயே என் அண்ணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பையில் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. கோழி கிண்டிய மாதிரி எழுத்து. எந்த டாக்டரின் கையெழுத்தையும் படிக்கிறவள் என்று என்னிடம் நீட்டினாள். நான் முதலில் மனதுக்குள் படித்தேன். சத்தமாகப் படிக்கத் தயங்கினேன்.

"படி."

"'புதன் மூணு மணிக்கு வந்துடுங்க. முன்கதவு வேண்டாம், பின்பக்கமா வாங்க. போன தடவ மாதிரி அவசரப்படாதீங்க.'"

"எழுதினது ஆம்பளையா பொம்பளையா?"

"எழுத்த வெச்சு எப்படி அண்ணி சொல்றது?"

"பொம்பளைதான்" என்றாள். "ஆம்பளை எவனும் இன்னொரு ஆம்பளைகிட்ட அவசரப்படாதேன்னு எழுதமாட்டான்."

அடுத்த புதன்கிழமை அண்ணி அரை நாள் லீவு போட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் போட்ட முதல் லீவு. பட்டறையில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம். நானும் கடையில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். அண்ணன் ஏறிய பஸ்ஸின் கடைசி வரிசையில், ஒரு பருமனான ஆளின் முதுகுக்குப் பின்னால், இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அத்தனை பாடுபட்டிருக்கவே வேண்டாம். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான்.

"அதுல என்ன இருக்கும்?" என்றேன்.

"சேலையா இருக்கும்" என்றாள் அண்ணி.

அவன் இறங்கிய நிறுத்தத்துக்கு அடுத்ததில் இறங்கி நடந்து திரும்பினோம். டயர் கடை, கண்ணாடி வெட்டும் கடை, அதற்கப்புறம் வரிசையாக இரும்புக் கதவு போட்ட கொட்டகைகள். அண்ணன் ஒரு சந்தில் திரும்பினான். எட்டிப் பார்த்தபோது ஒரு கொட்டகையின் பின்கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டிருந்தது. அண்ணி கதவருகே போய் நின்றாள். உள்ளே ஒரு பெண் சிரித்தாள். பிறகு அதே குரல், "மெதுவா, மெதுவா. அப்படியே இறக்குங்க. இடிக்காம" என்றது.

அண்ணி என் கையைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்த கை. எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது. மறு கையால் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரு நீள மேசை. அதைச் சுற்றி நான்கு பேர். மேலே உத்தரத்திலிருந்து ஒற்றை நூலில், ஓர் ஆள் நீளத்துக்கு, அட்டையும் தகரமுமாகச் செய்த கரிக்குருவி தொங்கிக்கொண்டிருந்தது. தலைப்பக்கமும் வால்பக்கமும் சாயாமல் தராசு முள் மாதிரி நேராக நின்றது. அட்டைப் பெட்டியில் கொண்டுவந்த தகர எஞ்சினை நூலில் கட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெரிய கதவு வழியாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தான் என் அண்ணன்.

லாரி கியர்பாக்ஸ் பழுது பார்க்கிற அந்தக் கொட்டகைக்காரர், எண்ணெய்ச் சட்டை போட்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் மேசை மேலிருந்த படங்களைச் சட்டென்று கவிழ்த்தார். "யாரும்மா நீங்க? பத்திரிகைலேருந்தா?"

அண்ணன் நிமிர்ந்தான். நூல் கையைவிட்டுப் போய் எஞ்சின் உள்ளே 'டங்' என்று விழுந்தது.

"என் வீட்ல" என்றான். "அது என் தங்கச்சி."

கொட்டகைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்க வீட்டம்மாவா! வாங்கம்மா, உக்காருங்க. முன்கதவு சிக்கிக்கிச்சு, அதான் எல்லாரையும் பின்னால வரச் சொல்றது. என்ன சார், உங்க வீட்டம்மாவுக்கு இந்த எஞ்சின் கிஞ்சின்னாலே ஆகாதுன்னு சொன்னீங்க?"

அண்ணி ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரித்த குரலுக்கு உரியவள் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது. புதன்கிழமை அவருக்கு விடுமுறை. நான்காமவர் ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்க்கிற ஓர் ஒல்லியான மனிதர். மூன்று பேரும் குறை சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய வாசகர்கள். அதில் கொட்டகைக்காரரின் கடிதம் மிக மோசம். "உங்கள் கப்பலை வரைந்த கையை ஒரு நாள் என் கொட்டகைக்கு அனுப்பவும்" என்று எழுதியிருந்தாராம். அண்ணன் சண்டை போடுவதற்காகவே போயிருக்கிறான். போனவன் உட்கார்ந்துவிட்டான். அவர்கள் சொல்வதைக் கேட்டு வரைய ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று லிப்ட்கார அம்மா கேட்டார்.

"படகு எஞ்சின் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமா."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது மடல் மட்டுமல்ல, கழுத்துவரை சிவந்திருந்தது.

அண்ணி தொங்குகிற கப்பலின் அருகே போனாள். தொடவில்லை. குனிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். "இடப்பக்கத் தொட்டி, வலப்பக்கத் தொட்டி. ரெண்டுக்கும் நடுவுல குழாய் எங்க? ஒண்ணு முன்னாடி காலியாச்சுன்னா கனம் ஒரு பக்கம் போயிடும். அப்ப சுத்தும்."

பாய்லர்காரர் பென்சிலை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அண்ணி என்னைப் பார்த்து, "வா, போகலாம்" என்றாள்.

பஸ்ஸில் பாதி வழியில் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேற ஒருத்திய வெச்சிருந்தாக்கூட, என்கிட்ட இல்லாத ஏதோ அவகிட்ட இருக்குன்னு நினைச்சுத் தொலைச்சிருப்பேன். இது என்கிட்ட இருந்ததுதானேடி? அதையே வெளில போய் வாங்கியிருக்காரே."

பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், துணி மடித்தாள், பேச்சு மட்டும் இல்லை. "உப்பு வேணுமான்னு உங்கண்ணன்கிட்ட கேளு" என்று என்னிடம் சொல்வாள். அண்ணன் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பான். "வேண்டாம்னு உங்கண்ணிகிட்ட சொல்லு" என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தந்திக் கம்பி மாதிரி நின்றேன்.

பன்னிரண்டாவது நாள் அண்ணன் மதிய நேரத்தில் படகுப் பட்டறைக்கே போய்விட்டான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் வேலை செய்யும் இடத்தை அவன் பார்த்தது அன்றைக்குத்தான். கரையேற்றியிருந்த ஒரு படகின் எஞ்சின் அறைக்குள், தோளளவு குழிக்குள், அவள் படுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த அறைக்கு ஒரே ஓர் ஏணி. அண்ணன் இறங்கி ஏணிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் தப்பிக்க வழியில்லை.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் பொதுவாக இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

"நான் சொன்னப்ப ஏன் கேக்கல?" என்று அவள் எஞ்சினுக்கு அடியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"நீ சொன்னா நான் தோத்துட்ட மாதிரி இருந்துச்சு. அவங்க சொன்னா ஏதோ கத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

"எனக்கு எஞ்சின்னா ஆகாதுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"உனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா, 'அப்ப இங்க எதுக்கு வர்றீங்க'ன்னு கேட்டிருப்பாங்க. பதில் என்கிட்ட இல்ல."

அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பட்டறையில நான் சொன்னா எவனும் தலையாட்ட மாட்டான். அதையே பக்கத்துல நிக்கிறவன் சொன்னா, 'ஆமா அண்ணே, சரி அண்ணே'ம்பாங்க. தினமும் எட்டு மணி நேரம் அதப் பாத்துட்டு வீட்டுக்கு வர்றேன். வீட்லயும் அப்படியா?"

அண்ணன் அழுததாக அண்ணி சொன்னாள். தூசி விழுந்ததாக அண்ணன் சொன்னான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணி அப்படிச் சுலபமாக எதையும் நம்புகிறவளா? "நிஜமாவே கேக்கறாரா, இல்ல சமாதானத்துக்குக் கேக்கறாரான்னு பாக்கணும்" என்றாள். அதற்கு அவள் வைத்த சோதனைதான் 'இழுவை'.

கரிக்குருவியை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னாள். எஞ்சின் முன்னால் இருக்கிற கப்பல் ஒன்றை வரையச் சொன்னாள். முன்னால் எஞ்சின், பின்னால் நீளமான கம்பிவடம், வடத்தின் முனையில் சுமையும் ஆட்கள் இருக்கும் அறையும். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை என்பது காதிலேயே தெரிந்தது. ஆனாலும் வரைந்தான். புதன்கிழமை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து, "அவங்க ஒத்துக்கல. எஞ்சின் எப்பவும் பின்னாலதான் இருக்கணுமாம்" என்றான்.

"காரணம் என்ன சொன்னாங்க?"

"அப்படித்தான்னு சொன்னாங்க."

அவள் பதில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் மறுப்பு வந்தது. இன்னொரு பதில், இன்னொரு மறுப்பு. மூன்றாவது வாரம் அண்ணி சமையலறைக்கு வந்து என் காதருகே, "நான் சொல்றத உங்கண்ணன் அங்க சரியாச் சொல்றாரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள். அந்தப் புதன்கிழமை அவளே கிளம்பினாள். பையில் பட்டறையிலிருந்து எடுத்துவந்த இரண்டு முழம் சங்கிலி.

கொட்டகையில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தரையில் கிடந்த பழைய கியர்பாக்ஸ் மூடி ஒன்றில் சங்கிலியின் ஒரு முனையை மாட்டினாள். மறுமுனையைக் கொட்டகைக்காரர் கையில் கொடுத்தாள்.

"தள்ளுங்க."

"சங்கிலிய எப்படிம்மா தள்றது?"

"தள்ளிப் பாருங்களேன்."

தள்ளினார். சங்கிலி பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு விழுந்தது. மூடி அசையவில்லை.

"இப்ப இழுங்க."

இழுத்தார். சங்கிலி நேராக நிமிர்ந்தது. மூடி தரையைக் கீறிக்கொண்டு அவர் பின்னால் ஒழுங்காக வந்தது.

"பின்னாலேருந்து தள்ளணும்னா நடுவுல கெட்டியா ஒரு முதுகெலும்பு வேணும். கரிக்குருவியோட கனத்துல பாதி அந்தச் சட்டம்தான். முன்னாலேருந்து இழுத்தா வடம் ஒண்ணு போதும்."

பாய்லர்காரர் விடவில்லை. "எஞ்சின் கக்கற நெருப்பு பின்னால இருக்கற ஆளுங்க மேல அடிக்குமே?"

"அதுக்குத்தான் எஞ்சின் ரெண்டு. ரெண்டையும் கை விரிச்ச மாதிரி ஒதுக்கி, வாய லேசா வெளிப்பக்கம் சாய்க்கணும். கொஞ்சம் பலம் வீணாப் போகும். போகட்டும்."

லிப்ட்கார அம்மா, "எங்க லிப்டும் மேலேருந்து வடத்துலதான் தொங்குது" என்றார். "கீழேருந்து தள்ளணும்னா எவ்வளவு பெரிய தூண் வேணும், யோசிச்சுப் பாருங்க. இவங்க சொல்றது சரிதான்."

கொட்டகைக்காரர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கிவரப் போனார். அவருக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும் விதம் என்று பிறகு தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணியின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி? ஜெயிச்சிட்டீங்களே."

"அந்த லிப்ட்காரம்மா ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டாங்க?"

இழுவை ஏழு வாரம் பத்திரிகையில் வந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எட்டாவது வாரம் பத்திரிகை ஆசிரியர் அண்ணனைக் கூப்பிட்டு, கதை மந்தமாகப் போகிறது, இழுவையை வெடிக்கவைத்துவிடுங்கள், நடுப்பக்கம் முழுக்க நெருப்பாக இருக்கட்டும் என்றாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அண்ணி தட்டை நகர்த்தினாள். "எது வெடிக்குது?"

"எஞ்சின்."

"எஞ்சின் வெடிக்காது. ஒவ்வொரு வால்வும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"ஆசிரியர் கேக்கறாரு. ஏதாவது பண்ணித்தான் ஆகணும்."

அவள் யோசித்தாள். அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு காத்திருந்தான். நான் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தேன்.

"கப்பல்ல எத்தனை பேர்?"

"அஞ்சு பேர்."

"அதுல மூத்தவன் ஒருத்தன் இருப்பான்ல? அவன் சின்னவகிட்ட, 'நான் பார்த்துட்டேன், நீ போ'ன்னு சொல்றான். பார்க்கல. வடத்துல சுமைய மாட்டின கொக்கி கழண்டு சுமை மட்டும் தனியா மிதந்து போயிடுது. அப்படிப் போடுங்க" என்றாள். "நெருப்பு வேணும்னா அந்தச் சுமை எங்கயாவது போய் மோதி எரியட்டும். அத நான் கேக்கமாட்டேன்."

அண்ணன் குறித்துக்கொண்டான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் எட்டி அவன் குறித்ததைத் தன் பக்கம் திருப்பிப் படித்துப் பார்த்தாள்.